மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை இந்தப் படபடப்பை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், வயது 34. ஒரு மாதமாக இரவில் திடீரென நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. இதய மருத்துவரைப் பார்க்க 12 நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வருவதில்லை. முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வக அறிக்கையில் 'இயல்பு அளவு' என்று அச்சிடப்படுவது பெரும்பாலும் நலமாக இருப்பவர்களில் 100க்கு 95 பேரிடம் காணப்படும் அளவுதான். மீதி 5 பேர் நலமாக இருந்தும் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், நோயே இல்லாத ஒருவருக்கும் ஏதேனும் ஒன்றாவது எல்லை தாண்டியதாகத் தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். சலுகை விலையில் 80 சோதனைகள் என்று விற்பவர்கள் இதை உங்களிடம் சொல்வதில்லை. அறிக்கை வந்த மறுநாள் கைப்பேசியில் அழைத்து, அது குறைவு, இது அதிகம் என்று அக்கறையோடு பேசுகிற குரல் பெரும்பாலும் விற்பனையாளருடையது. மருத்துவரின் சீட்டே இல்லாமல் பயந்தவர்களிடம் இவற்றை விற்க எப்படி விட்டுவைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

என்னிடம் வந்த ஒரு அம்மாள், பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று அறிக்கைகளை எடுத்து மேசையில் பரப்பினார்; தடித்த எழுத்தில் இருந்த ஒவ்வொரு வரியின் கீழும் சிவப்புப் பேனாவால் கோடிட்டிருந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. இரத்தசோகைதான் அவருடைய படபடப்புக்குக் காரணம். அதைக் காட்டும் வரி மூன்று அறிக்கைகளிலும் இருந்தது. அத்தனை கோடுகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை.

நீங்கள் 12 நாள் காத்திருக்கத் தேவையில்லை. நாளையே அருகிலுள்ள பொது மருத்துவரிடம் செல்லுங்கள். நாடி, இரத்த அழுத்தம், ஒரு ஈசிஜி, தேவையென்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். படபடப்பு எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, அன்று எத்தனை காபி குடித்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் உங்களுக்கு ஐந்து நிமிடம்கூடத் தராத இந்த ஊரில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான்.

விரல் மரப்பைப் பற்றி ஒன்று. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போலிருக்கும். தலையும் லேசாகச் சுற்றும். அந்த நேரத்தில் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், வெளிவிடும் மூச்சை நீட்டி, மெதுவாக விடுங்கள். பயத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானே இறங்கும். கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது இறங்காது.

ஒன்றுக்கு மட்டும் இவை எதுவும் பொருந்தாது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம் சில நிமிடங்களில் விலகாமல் நின்றாலோ, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, மூச்சுத் திணறினாலோ, படபடப்போடு மயங்கி விழுந்தாலோ, மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இருசக்கர வாகனத்தில் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வயது 34தானே என்று நினைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் குமட்டலாகவும்கூட மாரடைப்பு வரலாம் என்பதால் வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மருந்துக்கடையில் 'தூக்கத்துக்கு' என்று கேட்டு அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். அது பழகிவிடும்; திடீரென நிறுத்தினால் படபடப்பு இன்னும் கூடும். இரவில் பயம் பொறுக்க முடியாமல் போனால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.