டிரிப் குழாயில் காற்றுக்குமிழி: இரவுத் துணைக்கு இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து நான்கு நாட்களாகின்றன. இரவுத் துணைக்கு நான்தான் இருக்கிறேன். நேற்று டிரிப் குழாயில் காற்றுக்குமிழி இறங்குவதைப் பார்த்துப் பதறிப்போய் சிஸ்டரை அழைத்தேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குமிழி இதயத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்கிறார் அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்திருப்பவர். விடியற்காலையில் பாட்டில் காலியாகி, குழாயில் இரத்தம் ஏறியிருந்தது. அதற்கு முந்தின நாள், சீக்கிரம் முடியட்டுமே என்று, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை நானே கொஞ்சம் திறந்துவிட்டேன். வேளைக்கொரு பாட்டில் மாட்டுகிறார்கள். களைத்துக் கிடக்கும் அம்மாவுக்கு குளுக்கோஸ் மட்டும் ஏற்றவில்லை. ஏன்? (தஞ்சாவூர் வாசகர் ஒருவர்)

பதில்: உங்களைப் பதற வைத்தது குமிழி. கடிதத்தைப் படித்த என்னைப் பதற வைத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சக்கர விஷயம். இருந்தாலும் குமிழியை முதலில் முடித்துவிடுவோம். அது மனத்தில் இருக்கும்வரை வேறு எதுவும் காதில் ஏறாது.

டிரிப் குழாயின் உள்விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர். அதில் ஓர் அங்குல நீளத்துக்குக் காற்று நின்றால்கூட அளவு கால் மில்லிலிட்டரைத் தொடாது. கை நரம்பு (இரத்தக்குழாயான சிரையைத்தான் அப்படிச் சொல்கிறோம்) வழியாக உள்ளே போகும் அந்தக் காற்று, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் சிக்கி, சிறிது நேரத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். பெரியவர்களின் உயிரைப் பறிக்க உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.லி. காற்று வேண்டும் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.லி.க்குக் குறையாமல், அதுவும் மளமளவென்று போக வேண்டும். குழாய் முழுவதையும் காலி செய்தாலே 10, 20 மி.லி.தான் தேறும். சிஸ்டர் சொன்னது சரி. இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. பச்சிளம் குழந்தைகள், இதயத்தில் துளை உள்ளவர்கள், கழுத்திலோ மார்பிலோ பெரிய நரம்புக்குள் குழாய் வைக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குச் சிறு குமிழியைக்கூட விடக் கூடாது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதும் ஆபத்து. சொட்டு நின்றுவிட்டதென்று பிளாஸ்டிக் பாட்டிலைக் கையால் பிசைகிற துணையாட்களை நான் எத்தனையோ வார்டுகளில் பார்த்திருக்கிறேன். பாட்டில் இறங்கவில்லை என்று அதன் தலையில் ஓர் ஊசியைக் குத்திக் காற்றோட்டம் கொடுக்கும் பழக்கமும் நம் ஊரில் இன்னும் போகவில்லை. வார்டுக் காற்றிலுள்ள கிருமிக்கு அது திறந்துவிட்ட வாசல். அப்படிப்பட்ட பாட்டிலை அழுத்தினால் கிருமியோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகும்.

பாட்டில் காலியானால் காற்று தானாக உள்ளே பாய்ந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டிரிப் இறங்குவது புவியீர்ப்பால். பாட்டில் தீர்ந்ததும் குழாயில் மிச்சமுள்ள திரவம் கொஞ்சம் இறங்கி, நரம்பின் அழுத்தத்துக்குச் சமமான உயரத்தில் நின்றுவிடும். அந்த நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்தாலோ கையைத் தொங்கவிட்டாலோ நரம்பில் அழுத்தம் கூடி, இரத்தம் குழாயில் ஏறும். ஏறியது சில மில்லிலிட்டர்தான். அதனால் இரத்தம் குறைந்துவிடாது. ஆனால் அது அங்கேயே நின்றால் உறைந்து, கை நரம்பில் செருகியிருக்கும் கேனுலா என்ற குழாயை அடைத்துவிடும். சிஸ்டர் வந்து சலைன் (உப்புநீர்) செலுத்திப் பார்ப்பார். எளிதாகப் போகவில்லையென்றால் பலமாகத் தள்ளக் கூடாது. வேறு இடத்தில் புதிதாகப் போடுவதே முறை. பாட்டிலில் ஒரு விரற்கடை மிச்சம் இருக்கும்போதே அழைத்துவிடுங்கள்.

இனி அந்தச் சக்கரம். டிரிப் செட்டின் உறையை எடுத்துப் பாருங்கள், 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். நம் மருத்துவமனைகளில் பெரியவர்களுக்கு அதிகம் பயன்படுவது 20 சொட்டு செட். குழந்தைகளுக்கும், அளந்து கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கும் 60 சொட்டு செட். 500 மி.லி. பாட்டில் 6 மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் மணிக்கு 83 மி.லி.; 20 சொட்டு செட்டில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 சொட்டு. நீங்கள் கொஞ்சம் திறந்தது எழுபதோ எண்பதோ ஆகியிருக்கும். இளைஞனுடைய இதயம் அதைச் சமாளித்துவிடும். பல ஆண்டு இரத்தக் கொதிப்பைத் தாங்கிய இதயம் அப்படியல்ல. கூடுதலாக வந்த நீரை வாங்கித் தள்ள முடியாமல், அது நுரையீரலில் தேங்கும். இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்வது, இருமல், மூச்சு வாங்குவது எல்லாம் அதன் அறிகுறிகள். அம்மாவுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

சக்கரத்தைத் தொடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் பாட்டிலின் மேல் ஒட்டிய பிளாஸ்டரில் இருக்கிறது. அதில் பேனாவால் ஏதாவது எழுதியிருந்தால், அந்த பாட்டிலில் ஒரு மருந்து கலந்திருக்கிறது என்று பொருள். பல வேளைகளில் அது பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றில் 20 மில்லிமோல் (அளவைக் குறிக்கும் அலகு) இருக்கும். கை நரம்பில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதே பொதுவான வழக்கம். வேகம் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். நீரும் பொட்டாசியமும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் நிறம் கிடையாது. நீங்கள் திறந்த அன்று என்ன பாட்டில் தொங்கியது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு வந்தது நல்ல காலம் என்றுதான் சொல்வேன். சொட்டு நின்றுவிட்டாலும், வேகமாக ஓடினாலும் மணியை அழுத்துங்கள். சக்கரத்தைத் தொடாதீர்கள்.

வேறு வேறு பாட்டில்கள் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். என்.எஸ். என்பது நார்மல் சலைன்: 0.9 சதவீத உப்புநீர், லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஆர்.எல். என்பது ரிங்கர் லாக்டேட். உப்போடு பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் சேர்ந்து இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. ரிங்கர் என்பது லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கரின் பெயர். 1880களில் தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் கரைத்த உப்புக்கு இதயம் அடங்கிப்போனது. குழாய்த் தண்ணீரில் கரைத்ததற்கு நன்றாகத் துடித்தது. ஆராய்ந்தபோது, குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே காரணம் என்று தெரிந்தது. பின்னாளில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார்.

தவளையைக் காப்பாற்றிய அதே கால்சியம்தான் வார்டில் சிக்கலும் தருகிறது. தொற்றுக்கு அதிகம் கொடுக்கப்படும் செஃப்ட்ரியாக்சோன், கால்சியத்தோடு கலந்தால் படிகமாகிவிடும். அதனால்தான் அந்த மருந்தை ஆர்.எல்.லில் கலக்காமல், 100 மி.லி. சலைன் பாட்டிலில் தனியாகக் கொடுக்கிறார்கள். நடுவில் சலைன் விட்டுக் குழாயைக் கழுவுகிறார்கள். வலிப்புக்கான ஃபெனிடாயினுக்கு நேர்மாறான சங்கடம்: சலைனில் சரியாக இருக்கும், குளுக்கோஸில் படிந்துவிடும். ஒரு பாட்டிலை நிறுத்தி இன்னொன்றை மாட்டும்போது, பில் ஏற்றுகிறார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன்னால் இதையும் யோசித்துப் பாருங்கள்.

குளுக்கோஸ் பற்றி நம் மக்களுக்குள்ள நம்பிக்கை தனிக்கதை. 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கு மேல் தேறாது. இரண்டு இட்லியில் அது வந்துவிடும், சட்னி தனி. வாயால் சாப்பிட முடிகிற சர்க்கரை நோயாளிக்கு அதை நரம்பில் ஏற்றினால் களைப்பு தீராது, சர்க்கரைதான் ஏறும். அம்மாவின் களைப்புக்குக் காரணம் தொற்று. அது அடங்கினால் தெளிவார். தாழ்சர்க்கரை வந்தால் கதை வேறு. அப்போது 25 சதவீத குளுக்கோஸை அவர்களே ஓடி வந்து போடுவார்கள்.

குமிழியைப் பார்க்கும் கண்ணை அம்மாவின் கைக்குத் திருப்புங்கள். முதலில் ஒன்று: கைக்குள் ஊசி இல்லை. போடும்போது குத்திய ஊசியை உடனே உருவிவிடுவார்கள். உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும். அதன் மூடியின் நிறம் தடிமனைச் சொல்லும்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் மெலிது. மெலிந்த நரம்புள்ள முதியவர்களுக்கு நீலம் போடுவார்கள். அதில் டிரிப் மெதுவாகத்தான் இறங்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி போட்ட இடம் உப்பி, தோல் இறுகி, தொட்டால் சில்லென்று இருந்தால் திரவம் நரம்புக்கு வெளியே கசிகிறது. நரம்பு ஓடும் வழியே சிவந்து, சூடாகி, கயிறு போலத் தடித்து வலித்தால் அது சிரை அழற்சி. இரண்டிலும் அந்தக் கேனுலாவை எடுத்தாக வேண்டும். கசிந்தது வெறும் சலைன் என்றால் ஓரிரு நாளில் வற்றிவிடும். கால்சியம், அடர் குளுக்கோஸ் போன்றவை கசிந்தால் தோலும் சதையும் வெந்துபோகும். வீங்கிய இடத்தைத் தேய்க்காதீர்கள். வெந்நீர் ஒத்தடமா, ஐஸா என்பது கசிந்த மருந்தைப் பொறுத்தது, அதையும் சிஸ்டரே சொல்லட்டும். நான்காவது நாள் என்கிறீர்கள். கேனுலா போட்ட தேதி பிளாஸ்டரில் இருக்கும். முதல் நாள் போட்டதே இன்னும் இருந்தால், மாற்ற வேண்டுமா என்று காலை ரவுண்டில் கேளுங்கள்.

கழிவறைக்கு அழைத்துப் போகும்போது, சக்கரத்தை மூடித் தரும்படி சிஸ்டரைக் கேட்டுக்கொண்டு, பாட்டிலை அம்மாவின் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நடங்கள், இரத்தம் ஏறாது. கேனுலாவை எடுக்கும் நாளில் பஞ்சை வைத்ததும் முழங்கையை மடக்கச் சொல்லாமல், கையை நீட்டியபடியே மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஐந்து நிமிடம்.