மாதவிடாய் நின்ற பிறகு எதற்கு ஓமோன் குளிசை?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடம். தினம் ஒரு லெட்ரோசோல் குளிசை. மாதவிடாய் நின்று 13 வருடமான ஆளுக்கு ஓமோன் குளிசை கொடுத்தால் நோய் பரவும் என்று ஒருவர் சொல்ல, அம்மா மூன்று கிழமையாகக் குடிக்கவில்லை. விரல்களும் நோகுதாம். என்ன செய்வது?
- களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள்

பதில்: மகள், இன்றைக்கே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்துக் குடிக்க வேண்டாம், ஒன்றுதான். விட்டதைக் கிளினிக்கில் மறைக்கவும் வேண்டாம்.

எல்லோரும் ‘ஓமோன் குளிசை’ என்று சொல்லிச் சொல்லியே இந்தக் குழப்பம். அதில் ஓமோன் இல்லை. ஓமோன் உண்டாவதைத் தடுக்கிற மருந்து அது. வயது போனால் சூலகம் ஓய்ந்துவிடும், சரி. ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி விடும் வேறொரு ஓமோனை, உடம்புக் கொழுப்பு ஈஸ்திரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை அந்த ஈஸ்திரோஜனில் வளர்பவை. பயொப்சி (கட்டித் துண்டைச் சோதித்த) அறிக்கையில் ‘ஈஆர் பொசிட்டிவ்’ என்றிருந்தால் அந்த வகைதான். கட்டியை எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய்க் கலங்கள் எலும்பிலோ ஈரலிலோ பதுங்கியிருக்கலாம். பத்து வருடம் கழித்தும் எழும்பலாம். 2.5 மில்லிகிராம் குளிசை அவற்றின் சாப்பாட்டை நிறுத்துகிறது. அதனால்தான் 5 வருடம், சிலருக்கு அதற்கு மேலும்.

இரண்டு நிமிடக் கிளினிக்கில் இதை யார் சொல்கிறார்கள்? தமிழ் மட்டும் படித்த தாயின் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், மாறவில்லை.

அந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். ‘ஓமோனைச் சமப்படுத்தும்’ தூள் என்று பெயர் தெரியாத போத்தலைத் தருவார்கள். உள்ளே ஈஸ்திரோஜன் போல வேலை செய்கிற மூலிகையே இருக்கலாம், வாங்காதீர்கள். இந்தியாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கொமிஷன் பார்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள். சென்னையிலும் இதே லெட்ரோசோல்தான், மகள். இங்கே அரச வைத்தியசாலையில் இலவசம். ‘முடிந்துவிட்டது’ என்று திருப்பி அனுப்பினால் மருந்துத் துண்டைக் காட்டி வெளியே பார்மசியில் வாங்குங்கள், ஆனால் விடாதீர்கள்.

அம்மாவின் குளிசையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சிபாரிசு செய்யவும் வேண்டாம். 45 வயதில் கீமோ ஏற்றியதால் மாதவிடாய் நின்றவருக்குச் சூலகம் தூங்கியிருக்குமே தவிர, ஓய்ந்திருக்காது. லெட்ரோசோலைத் தனியே கொடுத்தால் மூளை அந்தச் சூலகத்தைத் தட்டி எழுப்பிவிடும். மாதவிடாய் திரும்பலாம், பிள்ளையும் தரிக்கலாம். அவருக்குச் சூலகத்தை அடக்கும் ஊசியோடுதான் இது, அல்லது தமொக்சிபன் என்ற வேறு குளிசை. ஒரு வருடமாக வரவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது, இரத்தத்தில் ஓமோன் அளவைப் பார்க்க வேண்டும்.

விரல் நோவு இந்த மருந்தினால் வரக்கூடியதுதான். காலையில் விறைத்து, நடமாடினால் குறையும். தாங்க முடியாவிட்டால் அதே குடும்பத்தில் வேறு குளிசை கேட்கலாம். எலும்பும் மெலியும், ஆகவே கல்சியம், விற்றமின் டி பற்றியும் கேளுங்கள். ஆனால் முதுகிலோ இடுப்பிலோ ஒரே இடத்தில், இரவிலும் விடாமல், கிழமைக்குக் கிழமை கூடுகிற நோவென்றால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.