282 மலைகளும் ஒரு பதிவேடும்

வணக்கம் சார்,

நான் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் ஸ்காட்லாந்தின் மன்றோ மலைகள் 282-லும் ஏறி முடித்துவிட்டார். மலையேற்றச் சங்கத்துக்கு எழுதிப்போட்டு சான்றிதழும் பதிவு எண்ணும் வாங்கியிருக்கிறார். எண் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டதாம். இத்தனை பேர் முடித்த ஒன்றில் என்ன பெருமை? ஏறியதற்குச் சாட்சியும் கேட்பதில்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வதைப் புள்ளிவிவரம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

ர., கிளாஸ்கோ

அன்புள்ள ர.,

மன்றோ என்றால் நம்மவர்களுக்குச் சென்னையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோதான் ஞாபகம் வருவார். இவர் வேறு, ஹியூ மன்றோ. 3000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை 1891-இல் பட்டியலிட்டவர். தனி மலைகள் 283, துணைச் சிகரங்களையும் சேர்த்தால் 538 என்பது அவர் கணக்கு. 1919-இல் இறக்கும்போது அவரே அதை முடித்திருக்கவில்லை.

முதலில் முடித்தவராகப் பதிவாகியிருப்பவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901-இல். இரண்டாமவர் 1923, மூன்றாமவர் 1927, நான்காமவர் 1930. முப்பது வருடத்தில் நான்கே பேர். ரயிலில் போய், சைக்கிள் மிதித்து, அப்புறம் நடந்து ஏறிய காலம் அது. பிறகு கார் வந்தது, வழிகாட்டி நூல்கள் வந்தன, ஜிபிஎஸ் வந்தது. எண்ணிக்கை பெருகியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் அந்த 282-இல் ஒன்றாக ஸ்கை தீவில் 'இனாக்சஸிபிள் பினாக்கிள்' (அணுக முடியாத சிகரம்) என்று ஒரு பாறை இருக்கிறது. 986 மீட்டர் உச்சியில் சுவர் மாதிரி மெலிந்து நிற்பது. இரண்டு பக்கமும் பாதாளம், நடுவில் கையையும் காலையும் ஊன்றி ஏற வேண்டும். ஏறியபின் மறுபக்கம் கயிற்றில் தொங்கி இறங்க வேண்டும். ஏழாயிரம் பேர் ஏறியதால் அந்தப் பாறை அகலமாகிவிடவில்லை. உங்கள் நண்பரும் அதைக் கடந்துதான் வந்திருக்கிறார். அவர் எண்ணைப் பார்த்து அவர் உழைப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பொய் சொல்லி வாங்குவதற்கு அங்கே பரிசுப் பணம் கிடையாது. அதனால் அந்தப் பக்கம் எனக்குச் சந்தேகம் குறைவு. கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பதிவேடு எழுதிப்போட்டவர்களை மட்டுமே எண்ணுகிறது. முடித்துவிட்டு எழுதாமல் இருந்தவர்கள் அதில் இல்லை. இருநூறு மலையோடு முழங்கால் விட்டுப்போனவர்கள் இல்லை. தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே கிடையாது. ஆகவே நூற்றுக்கு எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. கடிதம் வந்த வரிசையில் எண் கொடுப்பதால் யார் முன்பு முடித்தார், யார் பின்பு என்பதற்கும் எண் அத்தாட்சி ஆகாது.

முதல் எண்ணிலேயே சிக்கல் உண்டு. பென் விவிஸ் மலையில் பெருமழை பிடித்துக்கொள்ள, நனைய மனமில்லாமல் திரும்பிவிட்டதாக ராபர்ட்சனின் குறிப்பில் இருக்கிறது. மறுபடி போய் ஏறியதற்குக் குறிப்பு இல்லை. ஆனாலும் பதிவேடு அவர் பெயரில்தான் தொடங்குகிறது. நான் இதை மதிக்கிறேன். அவர் எழுதிவைத்ததால்தானே நமக்குச் சந்தேகமே வந்தது!

பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1997-இல் 284 ஆனது. 2009-இல் ஸ்கூர் நன் கேனிக்கன் என்ற மலையைத் துல்லியமாக அளந்தார்கள்: 913.43 மீட்டர். வேண்டியது 914.4, அதாவது 3000 அடி. ஒரு மீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் அது வெளியே போனது. 2012-இல் இன்னொன்று போய் 282 ஆயிற்று. 1995-இல் முடித்தவரும் இன்று முடிப்பவரும் ஏறியது ஒரே பட்டியலை அல்ல. ஆண்டுவாரியாக வரைபடம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெருமையை அளந்தே ஆக வேண்டும் என்றால் மற்ற பட்டியல்களையும் பாருங்கள். கார்பெட் மலைகள் 2500 அடிக்கும் 3000 அடிக்கும் இடைப்பட்டவை, 222. மன்றோவைவிட உயரமும் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. ஆனால் முடித்தவர்களும் மன்றோவைவிட மிகக் குறைவு. மன்றோ என்றால் தெற்கு கிளென் ஷீல் முகட்டில் ஒரே நாளில் ஏழு மலையை முடித்துவிடலாம். கார்பெட் ஒவ்வொன்றும் சுற்றிலும் 500 அடி சரிந்து தனித்து நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் பெரும்பாலும் ஒரு மலைக்கு ஒரு நாள், அடிவாரத்திலிருந்து புதிதாக ஏற வேண்டும்.

இன்னொன்று, 1992-இல் ஆலன் டாசன் வெளியிட்ட மரிலின் பட்டியல். எவ்வளவு உயரம் என்பது பொருட்டில்லை, சுற்றிலும் 150 மீட்டர் எழும்பியிருந்தால் போதும். பிரிட்டனில் 1500-க்கு மேல் இருக்கின்றன. 22 ஆண்டுகள் அதை ஒருவராலும் முடிக்க முடியவில்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரண்டு பாறைகள்தான் தடை. அதில் ஸ்டாக் லீ வெறும் 172 மீட்டர். கடற்பறவைகள் கூடு கலைந்து போயிருக்க வேண்டும், அலையும் அடங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் படகிலிருந்து பாறைக்குத் தாவ முடியும். 2014 அக்டோபரில் அப்படி ஒரு நாள் வாய்த்தது. இரண்டு பேர் முடித்தார்கள்.

உங்கள் நண்பருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.