எட்டாவது வாரத்திலேயே புழு: எந்த மருந்துக்கு மாறுவது?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஒரு மெரினோ செம்மறியாட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன். ஈ முட்டையிட்டு ஆட்டின் உடம்பில் புழு வைப்பதைத் தடுக்கும் ‘டைசைக்ளனில்’ என்ற மருந்தை 5 சதவீத அளவில் தெளித்தால் முன்பெல்லாம் சீசன் முழுக்கக் கவலை இருக்காது. இந்த முறை எட்டாவது வாரமே வாலடியில் புழு வைத்துவிட்டது. சைரோமசைன் என்ற இன்னொரு தடுப்பு மருந்துக்கு மாறலாமா?

பதில்: சைரோமசைன் மட்டும் வேண்டாம். புட்டியும் பெயரும் வேறானாலும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: வளரும் புழு தோலுரிக்க முடியாமல் செய்வது. ஒன்றுக்குத் தப்பிய லூசிலியா குப்ரினா ஈயின் புழு இன்னொன்றுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆனால் புழுவுக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் தெளித்த விதத்தைப் பாருங்கள். டைசைக்ளனில் பட்ட இடத்தை மட்டுமே காக்கும், உடம்பு முழுக்கப் பரவாது. புழு வைத்த ஆட்டின் கம்பளியைப் பிரித்துப் பாருங்கள். தெளிப்புப் பட்டை விட்டுப்போன இடத்தில் புழு என்றால் கோளாறு கையில். எடைக்கேற்ற அளவில் சரியாக மருந்து பட்ட இடத்திலேயே கொழுத்த புழு நெளிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். லேபிள் சொல்லும் காப்பு 18 முதல் 24 வாரம்; எட்டு வாரம் மிகக் குறைவு. வேறு மருந்து போடுமுன் உயிருள்ள புழுக்களைச் சேகரித்து, கால்நடை மருத்துவர் மூலம் எதிர்ப்புத்திறன் சோதனைக்கு அனுப்புங்கள். ஊகத்தில் மருந்து மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மருந்தைத் தாங்குவது இந்த ஈக்குப் புதிதல்ல. 1950களில் டீல்ட்ரின், 1960களில் டயசினான் என்ற பூச்சிமருந்துகளைத் தாண்டி வந்தது. மாலத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்து புழக்கத்துக்கு வருமுன்பே சேகரிப்புக்காக ஊசியில் செருகிப் பாதுகாத்த பழைய ஈக்களின் மரபணுவிலேயே அந்த மருந்தைத் தாங்கும் மாற்றம் இருந்ததாகப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே தாங்குபவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. அதனால்தான் முன்தடுப்புக்கும் புழு வைத்த புண்ணுக்கும் ஒரே வகை மருந்தைப் போடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். தடுப்புக்கு டைசைக்ளனில் என்றால், புண்ணுக்கு வேறு வகை மருந்தான ஸ்பினோசாட் அல்லது ஐவர்மெக்டின். அடுத்த சீசன் தடுப்புக்கே வேறு வகையை எடுங்கள்.

அப்புறம், புழு வைத்த இடத்தைச் சுற்றி நல்ல கம்பளி தெரியும் வரை ஒட்டக் கத்தரிப்பீர்கள் அல்லவா? அந்தக் கம்பளியைத் தரையில் உதறாதீர்கள். உதிரும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி ஈயாக வரும். மருந்துக்குத் தப்பிய புழுதான் அது! கம்பளியையும் புழுவையும் சேர்த்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள், வெந்து சாகும்.

ஈ தேடி வருவது ஈரத்தையும் நாற்றத்தையும். குடற்புழுவால் ஆடு கழிந்து வாலடி நனைந்திருந்தால் எந்த மருந்தும் நிற்காது. முதலில் கழிச்சலை நிறுத்துங்கள், ஈ பெருகுமுன் வாலடிக் கம்பளியைக் கத்தரித்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் புழு வைக்கும் ஆட்டை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

வேறு மருந்து அடிக்குமுன், கம்பளி வெட்டவும் இறைச்சிக்கு அனுப்பவும் எத்தனை நாள் காக்க வேண்டும் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும்.