பேட்வாட்டர் ஓட்டமும் நம் ஊர் வெயிலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேட்வாட்டர் ஓட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஜூலை மாதம், கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில், 217 கிலோமீட்டர். மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேலூர்க்காரன். கத்திரி வெயிலில் 42, 43 டிகிரி எங்களுக்குப் புதிதல்ல. என் அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். தூத்துக்குடி உப்பளங்களில் பெண்கள் நாள் முழுக்க வெயிலில் நின்று உப்பு வாருகிறார்கள். அவர்களுக்கு யாரும் பதக்கம் தருவதில்லை. காசு கட்டி வெயிலில் போய் விழுகிறவர்களைச் சாதனையாளர் என்பது பணக்கார விளையாட்டைத் தூக்கிப் பிடிப்பதுதானே? வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது சுலபமாக வராதா?

கே., வேலூர்

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வராது. உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும். வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஏசி அறையில் வேலை பார்ப்பவருக்குப் பிறந்த ஊர் பெரிதாகக் கைகொடுக்காது. இந்தப் பாதையை முதலில் ஓடி முடித்த ஆல் அர்னால்டு சானா என்கிற சூடேற்றிய அறைக்குள் சைக்கிள் மிதித்துத் தயாரானவர். அப்படியும் 1974இலும் 1975இலும் பாதியில் விட வேண்டியதாயிற்று. 1977இல்தான் முடித்தார், 84 மணி நேரத்தில்.

வெயிலை டிகிரியை மட்டும் வைத்து எடைபோடவும் முடியாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். சொட்டித் தரையில் விழுந்தால் அந்தப் பலன் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் வியர்வை சரியாக ஆவியாகாது; 36 டிகிரிக்கே மூச்சு முட்டுவது அதனால்தான். டெத் வேலிக் காற்றில் ஈரமே கிடையாது. வியர்த்த சுவடு தெரியாமல் காய்ந்து, சட்டையில் உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்திருக்கும். 50 டிகிரியை ஒட்டிய வெயிலிலும் ஓட முடிவது இதனால். எவ்வளவு நீர் போயிற்று என்று ஓடுகிறவருக்கே தெரியாமல் போவதும் இதனால்தான்.

சரி, பதக்கத்துக்கு வருவோம். கடல் மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே ஓர் உப்பு வெளியில் ஓட்டம் தொடங்குகிறது. இப்போதெல்லாம் இரவில்தான் கிளப்புகிறார்கள். மறுநாள் வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு, 48 மணி நேரத்துக்குள் சுமார் 2,530 மீட்டர் உயரத்திலுள்ள விட்னி போர்ட்டலை, அதாவது விட்னி மலையேற்றப் பாதை தொடங்கும் இடத்தை, எட்ட வேண்டும். மாரத்தானில் இருப்பதுபோல வழியில் தண்ணீர்ப் பந்தல் கிடையாது. ஒவ்வொருவரும் தம் வேனையும் ஆட்களையும் கூட்டி வர வேண்டும். அந்த வேனில் முக்கியமான சரக்கு ஐஸ். தொப்பிக்குள் ஐஸ், கழுத்துத் துண்டில் சுற்றிய ஐஸ். ஒருவர் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே கூட ஓடுவார். இன்னொருவர் நோட்டுப் போட்டு எழுதுவார்: என்ன குடித்தார், எவ்வளவு உப்பு போயிற்று, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்து மூளை வீங்கிவிடும். முடியாமல் போய் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பாதியில் விலகுகிறவருக்குப் பதக்கம் போகும், கட்டிய காசு போகும், வேறொன்றும் ஆகாது.

உங்கள் அப்பாவுக்கு வேனும் இல்லை, ஐஸும் இல்லை. தலை சுற்றுகிறதென்று உட்கார்ந்தால் அன்றைய கல் கணக்கு குறையும், கூலியும் குறையும். உப்பளத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் பெண்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் வரும் சிறுநீரகக் கோளாறுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டெத் வேலியில் சிறுநீர்க் கணக்கு எழுத ஓர் ஆள், இங்கே அந்த வேலை வரக் கூடாதென்று தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே பணக்கார விளையாட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். செலவு சாதாரண ஆள் தாங்குகிற செலவு இல்லை. ஆனாலும் 2002இலும் 2003இலும் இந்த ஓட்டத்தில் ஆண்கள் அத்தனை பேரையும் முந்தி வந்த அமெரிக்கப் பெண் பாம் ரீடைப் பார்த்து வாய் பிளக்காமல் என்னால் இருக்க முடியாது. நான் ஒப்புக்கொள்ளாதது ஒன்றுதான்: ‘நம்மவர்கள் தினமும் செய்வதுதானே’ என்ற தொனி. நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். இதே வாக்கியத்தைக் கான்ட்ராக்டர்களும் சொல்வார்கள், நிழலுக்கு ஒரு ஷெட் போடாமலிருக்க. தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் சாவுக்குப் பிறகு வருவது. டெத் வேலியில் நான் பார்த்துப் பொறாமைப்படுவது ஓடுகிறவரின் காலை அல்ல, அந்த நோட்டுப் போடுகிற ஆளை.

சூளைகளில் விடிவதற்கு வெகுமுன்பே கல் அறுக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பா எத்தனை மணிக்குப் போவார், வெயில் ஏறிய பின் என்ன செய்வார்கள், குடிதண்ணீர் எங்கிருந்து வரும்? அவரிடம் கேட்டு எழுதுங்கள். பேட்வாட்டரைப் பற்றி நான் எழுதியதைவிட அது உருப்படியாக இருக்கும், இங்கேயே வெளியிடுகிறேன்.