சோப்பு, சென்ட், லோஷன்ல போடுற செயற்கை வாசனை: கேட்டதுக்கெல்லாம் பதில்

வாசனைப் பொருள் கம்பெனில சேஃப்டி ஃபைல் பாக்குற வேலைல ஒருவாடு காலம் இருந்துட்டு இப்ப நாகர்கோவில்ல இருக்கேன். வந்த கேள்வில ஆறு எடுத்துருக்கேன்.

தக்கலைல வீட்டுல சோப்பு போடுறவங்க: அக்கா, மெழுகுவர்த்திக்கு வாங்குன வாசனை எண்ணெய் மிச்சம் கெடக்கு, தேங்காயெண்ணெய் சோப்புல ஊத்தலாமா?

ஊத்தாதீங்க, முதல்ல வித்தவங்ககிட்ட இஃப்ரா சர்டிபிகேட் கேளுங்க. இஃப்ராங்கது 1973ல இருந்து இருக்குற வாசனைக் கம்பெனிகளோட உலக அமைப்பு, எதை எதுல எவ்வளவு போடலாம்னு அளவு வச்சிருக்கு. சர்டிபிகேட்ல 12 வகை உண்டு, உதட்டுல பூசுறது 1, அக்குள் டியோடரண்ட் 2, குளிக்குற சோப்பு 9, தோலுல படாத மெழுகுவர்த்தி 12. 12க்கு நேரா 100 சதவீதம்னு போட்டிருக்குற எண்ணெய்க்கே 9க்கு நேரா ரொம்ப கம்மியா இருக்கலாம். பேப்பர் தரமாட்டேன்னு சொன்னா வேற கடை பாருங்க.

தோவாளை தம்பி: எங்க ஊரு பிச்சிப்பூ, மல்லி சாறு எடுத்துப் போட்டா கெமிக்கல விட நல்லதுதானே?

நல்ல மணம், அதுல சண்டையில்ல. ஆனா மல்லிகை அப்சல்யூட்டே (பூவுல இருந்து எடுக்குற அடர்த்தியான வாசனைச் சாறு) அலர்ஜி தரும்னு அதுக்கும் இஃப்ரா அளவு வச்சிருக்கு. நம்ம மாறாமலை கிராம்பையே எடுத்துக்கோ, அந்த எண்ணெய்ல பெரும்பங்கு யூஜினால், ஐரோப்பால லேபிள்ல பேர் போட்டே ஆகணும்னு சொல்ற பழைய 26 அலர்ஜிப் பொருள்ல அதுவும் ஒண்ணு. அது கிராம்புல இருந்து வந்துச்சா ஃபாக்டரில இருந்து வந்துச்சான்னு தோலுக்கு எங்க தெரியுது? லாவெண்டர்ல உள்ள லினலூல் வேற கதை, புதுசா இருக்கும்போது பெருசா ஒண்ணும் செய்யாது, பாட்டிலைத் தொறந்து தொறந்து காத்து பட்டாதான் மாறி அலர்ஜி தருது. நம்ம ஊர் சூட்டுல ஜன்னலோரம் வைக்காதீங்க, மூடி இறுக்குங்க.

மார்த்தாண்டம் காலேஜ் மாணவி: "சேஃப்"னு எப்படி கணக்கு போடுறாங்க மேடம்?

சொல்லுதேன், இதுல எனக்குக் கொஞ்சம் வாய் நீளும். ஐரோப்பா கணக்குல ஒரு ஆளு ஒரு நாளைக்கு பாடி லோஷன் 7.82 கிராம் பூசுறாங்கன்னு வச்சிருக்கு. அதுல வாசனை 0.5 சதவீதம், அந்த வாசனைல நம்ம பொருள் 10 சதவீதம்னு வை, 3.9 மில்லிகிராம் வரும், அத்தனையும் தோலுக்குள்ள போயிட்டுன்னே வச்சு 60 கிலோ எடையால வகுத்தா கிலோவுக்கு 0.065 மில்லிகிராம். இப்ப அந்தப் பொருள் ஆய்வுல எந்த அளவு வரை கெடுதல் காட்டலன்னு பாக்கணும், உதாரணத்துக்கு கிலோவுக்கு 100 மில்லிகிராம்னா, 100ஐ 0.065ஆல வகு, 1500 மடங்குக்கு மேல இடைவெளி. 100 மடங்கு இருந்தா பொதுவா போதும்னு எடுப்பாங்க, மிருகத்துல இருந்து மனுஷனுக்கு ஒரு 10, ஆளுக்கு ஆள் வித்தியாசத்துக்கு இன்னொரு 10. இதே பொருள் ஷவர் ஜெல்ல இருந்தா 18.67 கிராம் தேச்சாலும் கழுவுன பிறகு 1 சதவீதம்தான் தங்குதுன்னு கணக்கு, ஆபத்து அப்படியே சுருங்கிரும். ஆனா அலர்ஜிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்க உடம்பு எடை முக்கியமில்ல, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுல எவ்வளவு படுதுங்கதுதான் பாக்கணும். அதான் அக்குளுக்கு அளவு இறுக்கமா இருக்கு.

குளச்சல் அண்ணன்: கம்பெனிக்காரனே டெஸ்ட் பண்ணி கம்பெனிக்காரனே ஓகே சொன்னா நம்பலாமாம்மா?

நியாயமான சந்தேகம்ணே. 1966ல ஆரம்பிச்ச ரிஃபம்ங்கற ஆராய்ச்சி நிலையம்தான் டேட்டா சேக்குது, காசு கம்பெனிகளுது, ஆனா முடிவைப் பாக்குற நிபுணர் குழு வெளியாட்கள், ரிப்போர்ட் ஜர்னல்ல வருது. அது மட்டும் போதுமான்னா, போதாது. லைரல்னு ஒரு பூவாசனை இருந்துச்சு, இஃப்ரா அளவைக் குறைச்சும் அலர்ஜிக்காரங்க வந்துக்கிட்டே இருந்தாங்க, கடைசில ஐரோப்பா சட்டம் போட்டு நிறுத்துச்சு, 2021 ஆகஸ்டுக்கப்புறம் கடைலயே இருக்கக்கூடாது. அரசாங்கக் கண்ணு தனியா வேணும்ங்கதுதான் எம் பக்கம். நம்ம நாட்டு லேபிள்ல பெரும்பாலும் "பெர்ஃப்யூம்"னு ஒத்த வார்த்தைதான், அதுக்குள்ள அம்பது பொருள் இருந்தாலும் நமக்குத் தெரியாது, எனக்கு அது புடிக்கல.

அஞ்சுகிராமம் அம்மா: லில்லியால்ங்கற வாசனைப் பொருள் உள்ள பழைய ஷாம்பு வீட்டுல இருக்கு, கேன்சர் வருமா?

கேன்சர் இல்லம்மா, பிரச்சனை இனப்பெருக்கம் பத்தினது, எலிக்கு அதிக அளவுல வாய் வழியா குடுத்தப்போ வந்தது. இனப்பெருக்கத்தைக் கெடுக்குற பொருள்னு வகை பிரிச்சுட்டா, தனியா விலக்கு வாங்கலன்னா ஐரோப்பால தானா தடை, 2022 மார்ச் 1ல தடை பண்ணிட்டாங்க. இதுவரை தேச்சதுக்குப் பயப்படாதீங்க. லேபிள்ல பியூட்டைல்ஃபினைல் மெத்தில்புரோபியோனல்னு இருந்தா இனி வேற வாங்குங்க, கர்ப்பமா இருக்குற பிள்ளைக்கு அதைக் குடுக்காதீங்க.

இரணியல் தம்பி: பாடி ஸ்ப்ரே அடிச்ச மறுநாள் அக்குள்ல தடிப்பு. பிராண்ட் மாத்துனாலும் வருதுக்கா.

பிராண்ட் மாத்தி மாத்தி என்ன பிரயோஜனம் மக்கா, எல்லாத்துலயும் அதே நாலஞ்சு பொருள் இருக்கும். தோல் டாக்டர்ட்ட பேட்ச் டெஸ்ட் கேளு, அலர்ஜிப் பொருளை ஸ்டிக்கர்ல வச்சுத் தோலுல ஒட்டிப் பாக்குறது, ஃபிரேக்ரன்ஸ் மிக்ஸ் (வாசனைப் பொருள் கலவை), பெரு பால்சம் (வாசனையான மரப்பிசின்) ரெண்டும் அதுல இருக்கணும். ஒட்டுன ஸ்டிக்கர ரெண்டு நாள் கழிச்சு எடுப்பாங்க, அப்புறமும் ஒருதடவ வந்து காட்டச் சொல்லுவாங்க, போகாம இருந்துராத, சிலது லேட்டாதான் தடிக்கும். எந்தப் பொருள்னு தெரிஞ்சா அதை ஆயுசு பூரா ஒதுக்கணும், ஒருதடவ ஒத்துக்காமப் போனா தோல் மறக்காது. அதுவரைக்கும் ஸ்ப்ரேய நிறுத்து, வாசனையே இல்லாத சோப்புல குளி. புதுசா எது வாங்குனாலும் முழங்கை மடிப்புல தினம் ரெண்டு நேரம் ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பாத்துட்டு அப்புறம் அக்குளுக்குப் போ.