மைதானத்தில் எந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள்?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 29 வயது. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். கைக்கு மாதம் 19,000 வருகிறது. பள்ளியில் நான்கு வருடம் ஜிம்னாஸ்டிக்ஸ், கல்லூரியில் கபடி. இப்போது இரண்டு வாய்ப்பு ஒன்றாக வந்திருக்கிறது. ஒரு நாளிதழில் இருக்கும் தெரிந்தவர், மாவட்ட விளையாட்டுச் செய்திகளை எழுதித் தர முடியுமா என்கிறார். ஏற்காட்டில் ஒரு பள்ளி, ஆண்டு விழாவுக்காக மாணவிகளுக்கு சியர்லீடிங் (கோஷமும் குழு அசைவுமாக அணியை உற்சாகப்படுத்துவது) சொல்லித்தரக் கூப்பிடுகிறது, மூன்று மாதம், சனிக்கிழமைதோறும். எதை எடுப்பது? எவ்வளவு கேட்பது? ஆபீசில் சொல்ல வேண்டுமா? வருமான வரி வருமா?

பதில்: இரண்டையும் எடுக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். எந்த அணிக்குப் பயிற்சி தருகிறீர்களோ அந்த அணியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறேன். நானும் பகலில் ஜவுளிக்கடைக் கணக்கு, சாயங்காலம் மைதானம் என்று 18 வருடம் ஓட்டியவன், அதனால் உங்கள் கேள்வியில் கேட்காததும் எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

முதலில் செய்தி வேலை. பகுதி நேர நிருபருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. நீங்கள் எழுதி அனுப்பிய பத்தில் ஆறு வரும், மீதி நாலு விளம்பரம் அதிகமான நாளில் காணாமல் போகும். ஆத்தூரில் ஒரு போட்டி என்றால் போய்வரக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். ஒற்றைப் பத்திச் செய்திக்குக் கிடைப்பது பெட்ரோலுக்கே சரியாகிவிடும். அதனால் ஆரம்பத்தில் ஊருக்குள்ளேயே இருங்கள். காந்தி ஸ்டேடியம் உங்கள் ஆபீசிலிருந்து பக்கம். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகள், முதலமைச்சர் கோப்பையின் மாவட்டச் சுற்று என்று வருடத்தில் பல மாதம் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். வாழப்பாடியில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) நடந்தால் அங்கே பாஸ் உங்களுக்கு வராது, ஊழியர் நிருபருக்குப் போகும். வருத்தப்படாதீர்கள். அந்த ஆட்டத்தை டிவியிலேயே எல்லாரும் பார்த்துவிடுவார்கள். குறுவட்டத்தில் நடப்பது நீங்கள் எழுதினால்தான் உண்டு.

சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்திய அணிக்கு அறிமுகமானார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வாங்கினார். அதற்கப்புறம் சேலத்தில் ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் பையனை ‘அடுத்த நடராஜன்’ என்றுதான் உங்களிடம் அறிமுகப்படுத்துவார். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அவன் எத்தனை ஓவர் போட்டான், எத்தனை ரன் கொடுத்தான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏனென்றால் ஆடியவர்கள் எழுதும்போது ஒரு தப்பு செய்வார்கள்: தங்களுக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுவார்கள். மின்னொளிக் கபடி ஒன்று முடிந்ததும் உங்கள் போனுக்கு இப்படி ஒரு செய்தி வரும்: ‘பைனல் 34-31 நம்ம டீம் வின்’. இதில் ஒன்றுமே இல்லை. எந்த ஊர், யார் நடத்தியது, தோற்றவர் யார், ஆட்டம் எங்கே திரும்பியது? ஸ்கோரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது வேறு. கடைசி நாலு நிமிடம். 25-29 என்று பின்னால் இருக்கிற அணியின் ரைடர், அதாவது பாடிப் போகிறவர், உள்ளே போகிறார். எதிரே மூன்றே பேர். மூவரையும் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்புகிறார். தொட்டதற்கு மூன்று, எதிரணியில் ஒருவர்கூட மிச்சமில்லாத ஆல் அவுட்டுக்கு இரண்டு, ஒரே ரெய்டில் ஐந்து புள்ளி. 30-29. அங்கேதான் ஆட்டம் முடிந்தது, மிச்சம் சும்மா நேரம் கடத்தியது. செய்தியின் முதல் பத்தியில் யார் யாரை எத்தனைக்கு வென்றார்கள் என்பது, இரண்டாவதில் இந்த ரெய்டு. கபடி தெரியாதவருக்கும் அது புரியும், ஆடியவருக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் பெயர்கள். இனிஷியலோடு, ஊரோடு, கேட்டு எழுதுங்கள். ஒரு முறை பள்ளி வாலிபால் இறுதிப் போட்டிக்கு நான் போகவில்லை. கடையில் தீபாவளி வியாபாரம், முதலாளி விடவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த மூன்று வரியை நம்பித் தோற்ற பள்ளியை ஜெயித்ததாக எழுதிவிட்டேன். காலை ஆறரைக்கு ஜெயித்த அணியின் கேப்டனுடைய அப்பா போன் செய்தார். திட்டவில்லை. ‘பேப்பர் அஞ்சு வாங்கிட்டேன் சார்’ என்று மட்டும் சொன்னார். போகாத ஆட்டத்தை எழுதுவதை அன்றைக்கு விட்டேன்.

போட்டி நடத்துபவர்கள் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார், குத்துவிளக்கேற்றினார் என்று பதினாலு பெயர். அதில் விளையாடியவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பரிசு கொடுத்தவர் ஒருவர் பெயர் போதும் என்று முதல் நாளே சொல்லிப் பழக்கிவிடுங்கள். பட்டியலோடு சில இடங்களில் ஒரு கவரும் வரும், ‘பெட்ரோலுக்கு வெச்சுக்கங்க’ என்று. வாங்காதீர்கள். இருநூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டால் அடுத்த வருடம் அந்தப் பதினாலு பெயரையும் போட வேண்டியிருக்கும். வாங்காவிட்டால் முதல் மாதம் திமிர் பிடித்தவள் என்பார்கள், மூன்றாவது மாதம் மரியாதை வந்துவிடும்.

இனி ஏற்காடு. ஆரம்பத்தில் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. அந்தப் பள்ளி மாணவிகளுக்கு நீங்கள் பயிற்சியாளர். அதே பள்ளி தடகளத்தில் ஜெயித்தால் செய்தியை வேறு யாராவது எழுதட்டும். நீங்கள் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் பக்கத்துப் பள்ளிக்காரர் அதை நம்பமாட்டார். நாளிதழில் உள்ள தெரிந்தவரிடம் ‘இந்தப் பள்ளியில் பயிற்சி தருகிறேன், அவர்கள் செய்தி என்னிடம் வேண்டாம்’ என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு வாட்ஸ்அப் வரி போதும்.

கட்டணத்தைப் பற்றி யோசிக்கும்போது பயிற்சி இரண்டு மணி நேரம்தானே என்று கணக்குப் போடாதீர்கள். மலை சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. மே மாதக் கோடை விழா சமயத்திலும், தொடர் விடுமுறை சனிக்கிழமையிலும் அடிவாரத்திலேயே வண்டி நிற்கும். இரண்டு மணி நேரப் பயிற்சி உங்களுடைய ஆறு மணி நேரத்தைத் தின்னும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு நாளைக்கு 1,500 கேட்பேன், போக்குவரத்து தனி. மழையாலோ பனிமூட்டத்தாலோ பயிற்சி நின்றாலும், நான் மலை ஏறிவிட்டேன் என்றால் பாதிக் கட்டணம் என்றும் எழுதி வாங்குவேன். பேரம் பேசுவார்கள். 1,200 வரை இறங்கலாம், போக்குவரத்தில் இறங்காதீர்கள்.

அடுத்து, பள்ளி உண்மையில் என்ன எதிர்பார்க்கிறது என்று கேளுங்கள். சியர்லீடிங் என்றதும் நம் ஊர்ப் பெற்றோருக்கு 2008-ல் ஐபிஎல் வந்தபோது டிவியில் பார்த்ததுதான் ஞாபகம் வரும். ‘எம் பொண்ணு அதெல்லாம் ஆட வேண்டாம்’ என்று ஒரு அம்மா வந்து நிற்பார். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லலாம். ஒன்று, இது 1898-ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது, கூட்டத்தை முதலில் கோஷம் போட வைத்தவர் ஒரு ஆண் மாணவர். இன்னொன்று, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021-ல் இதன் உலகச் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. டிராக் பேன்ட், முழுக்கை டி-சர்ட் போட்டே அத்தனையும் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அம்மா உட்கார்ந்து டீ குடிப்பார்.

என் வீட்டில் ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தருபவர் இருக்கிறார். இதற்குக் கீழே எழுதுவது அவர் வாய்மொழி. முதல் மூன்று வாரம் யாரையும் தூக்காதீர்கள். எட்டு எண்ணிக்கைக்குக் கை அசைவு, குதிப்பு, தொண்டை கட்டாமல் வயிற்றிலிருந்து கத்துவது, இவ்வளவுதான். நாலாவது வாரம் தூக்கல். கீழே தாங்குகிற இரண்டு பேர், மேலே ஏறும் ஒருத்தி, பின்னால் காவலுக்கு ஒருத்தி. பின்னால் நிற்பவள்தான் முக்கியம். அவள் பார்வை மேலே இருப்பவளின் தலை, கழுத்து, தோள் மீதே இருக்க வேண்டும், பார்வையாளர் பக்கம் திரும்பிச் சிரிக்கவே கூடாது. கால் எங்கே விழுந்தாலும் பரவாயில்லை, தலை தரையைத் தொடக் கூடாது. தாங்குபவர்கள் முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்க வேண்டும். உங்கள் கபடிக் கால் இங்கே உதவும். மேலே இருப்பவளுக்குப் பயம் வந்தால் குதிக்கக் கூடாது. உடம்பை விறைப்பாக வைத்து ‘இறக்கு’ என்று சொல்ல வேண்டும், மற்ற மூவரும் பிடித்து இறக்குவார்கள். குதிக்கும் பிள்ளைகள்தான் கணுக்காலை உடைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஏறுவதற்கு முன்னால் இறங்குவதை இருபது தடவை பழக்குங்கள்.

ஆண்டு விழா நெருங்கும்போது தாளாளர் ‘மூணு அடுக்குப் பிரமிடு வெச்சா நல்லா இருக்குமே’ என்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளிலேயே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் அனுமதி இல்லை. மூன்று மாதம் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு தூக்கலே போதும். விரிப்பு இல்லாவிட்டால் தூக்கலே கிடையாது. புல்தரை என்று சமாதானம் சொல்வார்கள், மலையில் பனி விழுந்த புல் வழுக்கும். பெற்றோர் சம்மதக் கடிதம், பயிற்சி முழுக்கப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் உடனிருப்பது, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பது, இந்த மூன்றையும் உங்கள் ஒப்பந்தத் தாளில் சேருங்கள்.

ஆபீஸ் விஷயம். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். ‘வேறு எந்த ஊதியப் பணியும் செய்யக் கூடாது’ என்ற வரி இருக்கும், நாம் கையெழுத்துப் போடும்போது அதைப் படித்திருக்கமாட்டோம். இருந்தால், வார விடுமுறையிலும் வேலை நேரம் முடிந்த பிறகும் செய்கிறேன் என்று மெயிலில் அனுமதி கேளுங்கள். சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறையா என்று நீங்கள் எழுதவில்லை; இல்லையென்றால் ஏற்காடு ஞாயிற்றுக்கு மாற வேண்டும். ஆர்டர் அனுமதித்தாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்தி தட்டாதீர்கள். இதே கேள்வியை ஒரு தமிழ்நாடு அரசு ஊழியர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அவர்களுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன, முன் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

வருமான வரிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. விளையாட்டுப் பயிற்சியாளர், நடுவர், வர்ணனையாளர், விளையாட்டுப் பத்தி எழுத்தாளர் எல்லாரையும் தொழில்முறைக் கட்டணம் வாங்குபவர்களாக வருமான வரித் துறை 2008-லேயே அறிவித்துவிட்டது. அதாவது ஒரே இடத்திலிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பான் எண் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம். உங்கள் சம்பளமும் இதுவும் சேர்ந்தாலும் புதிய வரி முறையில் வரி இல்லாத 12 லட்ச வரம்புக்கு வெகு கீழே, அதனால் கட்ட வேண்டிய வரி எதுவும் வராது. பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 படிவம் இதற்குச் செல்லாது. நீங்கள் கணக்குக்காரர், நான் விளக்க வேண்டியதில்லை. மாதம் 5-ஆம் தேதிக்குள் போன மாதம் அச்சான செய்திகளைத் தேதி, பக்கம் போட்டுப் பில்லாக அனுப்புங்கள். கேட்காத நிருபருக்குக் காசு வந்ததாக நான் பார்த்ததில்லை.

வரிசை இதுதான்: ஏற்காட்டை முதலில் எடுங்கள். மூன்று மாதத்தில் முடிந்துவிடும், காசு நிச்சயம். அந்த மூன்று மாதமும் வார நாளில் ஒரு சாயங்காலம் காந்தி ஸ்டேடியம் போய், யாருக்கும் அனுப்பாமல், நோட்டில் எழுதிப் பாருங்கள். இரவு கபடிக்கு வெளியூர் போவதாக இருந்தால், திரும்பி வரும் வண்டியை முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள், பைனல் நள்ளிரவு தாண்டித்தான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று, தங்கச்சி. முதல் செய்தி வந்த அன்றைக்கே ஸ்கூட்டியில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி நாலு பேர் சொல்வார்கள். நான் ஒட்டினேன். ஒட்டின மூன்றாம் நாள் தெருக்காரர் ஒருவர் சாக்கடை அடைப்பைப் பேப்பரில் போடச் சொல்லி வாசலில் வந்து நின்றார்.